தண்ணீருக்குள்ளே உறுமி

அய்யாவுக்குக் காது போனது கண்மூடித் திறக்கிற நேரத்தில். சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், பாசிர் கூடாங்குக்குப் பின்னால் இருந்த கல்லுமலையில், பாறையில் துளை போட்டு வெடி வைக்கிற வேலை அவனுக்கு. திரியைப் பற்றவைத்துவிட்டு என்றைக்கும் ஓடுகிற மாதிரிதான் அன்றைக்கும் ஓடினான் அய்யாவு. அன்றைக்குப் பார்த்து அந்தத் திரிக்கு என்ன அவசரமோ, அவன் பாதி தூரம் போவதற்குள் மலை வெடித்துவிட்டது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றான். சுற்றி நின்றவர்கள் வாயை வாயை அசைத்தார்கள். சத்தமே இல்லாமல் இவன்கள் ஏன் இப்படிக் கொட்டாவி விடுகிறான்கள் என்று அவனுக்கு எரிச்சல் வந்தது.

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸர் இரண்டு காதுக்குள்ளும் விளக்கைக் காட்டிப் பார்த்தார். செவிப்பறை கிழிந்துபோயிற்று என்று சைகையில் சொல்லிக் கையை விரித்துவிட்டார். அப்போது அவன் பெண்சாதி வெள்ளையம்மா முழுகாமல் இருந்தாள். வீட்டுக்கு வந்த புருஷனைப் பார்த்து அவள் அழுத அழுகை, ரப்பர் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளான அந்த லயம் முழுக்கக் கேட்டதாம். அவனுக்கு அவள் தோள் குலுங்கியது மட்டும்தான் தெரிந்தது.

இதில் ஒரு கூத்து உண்டு. அவன் பேசினால் அவன் குரல் அவனுக்குக் கேட்டது! குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி மண்டைக்குள் முழங்கியது. பொரிகடலையை மென்றால் கல் உடைக்கிற சத்தம் வந்தது. அதை மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாமல் நாலு பேரிடம் சொல்லியும்விட்டான், வெள்ளந்தி மனுஷன். ஜனங்கள் விடுவார்களா?

"தான் பேசுறது கேக்குமாம், நம்ம பேசுறது கேக்காதாம். வேலைக்கு டிமிக்கி குடுக்குறான்யா!" என்று லயத்து வாசலில் உட்கார்ந்து பேசினார்கள். அது அவன் காதில் விழவில்லை என்பதுதான் அவன் செய்த ஒரே புண்ணியம்.

வேலை போனது, பேர் போனது, 'செவிட்டு அய்யாவு' என்று புதுப்பேர் வந்தது. இதெல்லாம் போகட்டும். அவன் நெஞ்சை அறுத்தது வேறு. மகள் பிறந்தாள். தனலெட்சுமி என்று பேர் வைத்துத் தனம் என்று கூப்பிட்டார்கள். தவழ்ந்தாள், நடந்தாள், பேசத் தொடங்கினாள். அடேயப்பா, என்ன பேச்சு! கோழியோடு பேசுவாள், ரப்பர் விதையோடு பேசுவாள், பால் மரம் வெட்டப் போகிற அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே போவாள். அந்தச் சின்ன வாய் படபடவென்று அடித்துக்கொள்வதை அய்யாவு எட்ட நின்று பார்ப்பான்.

அவன் பக்கம் திரும்பினால் போதும், அந்த வாய் மூடிக்கொள்ளும். கோபம் இல்லை, பயமும் இல்லை. அப்பா என்றால் பேசுகிற ஆள் இல்லை, அவ்வளவுதான் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் குவித்துக் காட்டுவாள். தூக்கச் சொல்ல வேண்டுமென்றால் வேட்டியை இழுப்பாள். மாட்டோடும் பேசுகிற பெண் தன்னோடு மட்டும் பேசவில்லையே என்று அவன் குமைந்தான்.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் போய் நிற்பான். "ஆத்தா, எனக்கு இடி கேக்க வேணாம், மழை கேக்க வேணாம். எம் புள்ள குரல ஒரே ஒரு வாட்டி கேட்டுட்டுச் செத்துப்போறேன்" என்பான். மெதுவாகச் சொல்வதாக அவனுக்கு நினைப்பு. கோயிலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள்.

வயிறு என்று ஒன்று இருக்கிறதே. கம்பம் என்கிற கடற்கரை மலாய்க் கிராமத்தில் சாலே என்று ஒரு மலாய்க்காரன், அய்யாவு வயசுதான் இருக்கும், சின்னச் சம்பான் படகு ஒன்றை வைத்துக்கொண்டு மீன் பிடித்தான். அவனுக்கு ஒரு கூட்டாளி தேவைப்பட்டது. வந்தவன் எல்லாம் வாயாடி. சாலேயின் தொழிலுக்கு வாயாடி ஆகாது. செவிட்டு அய்யாவு பதில் கிடைக்காத பேச்சு எதற்கு என்று வாயையே மூடிக்கொண்டவன். சாலே அவனை ஒரு நாள் ஏற்றிப் பார்த்தான். மறுநாளும் கூப்பிட்டான். "தம்பி" என்று அவன் உதடு அசைந்தால் தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று அய்யாவு தெரிந்துகொண்டான்.

ஆனால் சாலேயிடம் ஒரு கிறுக்கு இருந்தது. சாயங்காலம் ஆற்றுமுகத்துக்குப் போனதும் சம்பானை நிறுத்துவான். துடுப்பைத் தண்ணீரில் நட்டுக்குத்தாக விட்டு, அதன் கைப்பிடியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். கொஞ்ச நேரம் அப்படியே கிடப்பான். தலையை ஆட்டுவான். துடுப்புப் போட்டு இன்னொரு இடத்துக்குப் போவான், மறுபடியும் அதே கூத்து. 'நல்ல தொழில்யா இது, தூங்குறதுக்குக் கடலு நடுவுல வந்திருக்கான்' என்று அய்யாவு மனசுக்குள் சிரித்துக்கொண்டான். சாலே தூங்கி எழுந்த இடத்திலெல்லாம் வலை நிறைய மீன் வந்ததை அவன் யோசிக்கவில்லை. செவிடனுக்கு அது எப்படித் தோன்றும்?

ஒரு நாள் தோட்டத்தில் மாரியம்மனுக்குக் காப்புக்கட்டு. திருவிழா தொடங்கிவிட்டது. அய்யாவு கோயிலுக்குப் போகாமல் கடலுக்கு வந்திருந்தான். உறுமி அடிப்பார்கள், ஜனம் சாமி வந்து ஆடும். அவன் மட்டும் பொம்மலாட்டம் பார்க்கிறவன்போல் நிற்க வேண்டும். அதற்குக் கடலே மேல் என்று வந்துவிட்டான்.

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கரையில் சிங்கப்பூர்ப் பக்கத்து மரங்கள் கறுத்துப்போய் நின்றன. சாலே துடுப்பில் காது வைத்துப் பார்த்தான், முகம் மலர்ந்தது, இங்கேதான் என்று கைகாட்டினான். துடுப்பை அய்யாவிடம் கொடுத்துவிட்டு வலையை இறக்கப் போனான். அடியில் படிவதற்காக வலையின் ஓரமெல்லாம் கல் கட்டியிருப்பார்கள். அந்தக் கல் ஒன்று வலைக் கண்ணில் மாட்டிச் சிக்கிக்கொண்டது. சாலே பதறிப்போய்க் கையசைத்தான். இரண்டு கையும் வேண்டும். துடுப்பைக் கீழே போட்டால் சம்பான் திரும்பிவிடும். அய்யாவு என்ன செய்தான்? தண்ணீரில் நின்ற துடுப்பின் கைப்பிடியை அப்படியே பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் வலையைப் பிடித்தான்.

டுர்ர்ர்.

முதலில் தன் பல்தான் நடுங்குகிறது என்று நினைத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

டுர்ர்ர்... டும். டுர்ர்ர்... டும். டும்.

அவன் உடம்பு சிலிர்த்துப்போயிற்று. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியாதா? வளைந்த குச்சியால் தோலை இழுத்துத் தேய்க்கும்போது அடிவயிற்றைப் பிசைகிற சத்தம். உறுமி! தோட்டத்துக் கோயிலில் உறுமி அடிக்கிறார்கள், அது இத்தனை தூரம் தாண்டி வந்து தனக்குக் கேட்கிறது! ஆத்தா கண் திறந்துவிட்டாள்!

"கேக்குது! எனக்குக் காது கேக்குதுடா சாலே! உறுமி கேக்குது!" என்று கத்திக்கொண்டு வலையை விட்டுவிட்டு எழுந்துவிட்டான்.

வாயைத் திறந்தானோ இல்லையோ, சத்தம் நின்றுபோயிற்று. சாலே கத்துவது தெரிந்தது, வாய் அசைந்தது, குரல் இல்லை. அலை இல்லை, காற்று இல்லை, ஒன்றும் இல்லை. பாவி, கொடுத்துவிட்டு உடனே பிடுங்கிக்கொண்டாளா? அவனுக்கு அழுகை முட்டியது. தண்ணீரில் நழுவப் போன துடுப்பைத் தாவிப் பிடித்தான், எதற்கென்றே தெரியாமல் மறுபடியும் கவ்வினான்.

டுர்ர்ர்... டும்.

பல்லை எடுத்தான், இல்லை. கவ்வினான், உண்டு. எந்த ஊர்ச் சாமி உறுமி, துடுப்பைக் கடித்தால் மட்டும் கேட்கும்?

வலை போச்சு என்று திட்டிக்கொண்டே வந்த சாலே, துடுப்பைக் கடித்தபடி இரண்டு கையாலும் மேளம் அடித்துக் காட்டிக் கரையைச் சுட்டுகிற அய்யாவைப் பார்த்தான். பேய் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்திருப்பான். பிறகு சந்தேகப்பட்டு, அவன் வாயிலிருந்து துடுப்பை வாங்கித் தன் காதை வைத்துப் பார்த்தான். அப்புறம் சிரித்தான் பாருங்கள், சம்பானே ஆடும்படி சிரித்தான். அய்யாவின் கையைப் பிடித்து, கரையைக் காட்டிய விரலை மடக்கி, நேராகக் கீழே, தண்ணீரைக் காட்டினான்.

"கெலாமா" என்றான். உதட்டைப் பார்த்தே அய்யாவுக்குப் புரிந்தது. தினமும் இவர்கள் பிடிக்கிற மீன். நம் கரையில் கத்தாளை என்பார்கள்.

மீனா? மீன் கத்துமா? மீனுக்கு வாய் இரை தின்னத்தானே? அய்யாவு நம்பவில்லை. மறுபடியும் துடுப்பைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்தான். இந்தத் தடவை அவசரப்படாமல் கேட்டான்.

ஒன்று தொடங்கியது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று பதில் சொன்னது. அப்புறம் நாலு, பத்து. இருட்ட இருட்ட எண்ண முடியாமல் போயிற்று. கடல் அடி முழுக்க ஒரே முழக்கம். மேலே தண்ணீர் எண்ணெய் ஊற்றினதுபோல் அசையாமல் கிடந்தது, ஒரு கொக்கு அதன்மேல் சாவகாசமாகப் பறந்து போயிற்று. அடியில் இத்தனை பெரிய திருவிழா நடக்கிறது என்று யார் சொல்லுவார்கள்? மூன்று வருஷமாக ஒரு சத்தத்துக்கு ஏங்கிய மனுஷன், வாயில் துடுப்போடு, கன்னத்தில் வழிகிற கண்ணீரைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

சாலே சைகையால் விளக்கினான். மீசையை முறுக்கிக் காட்டினான்: கத்துவது ஆண். வயிற்றைப் பெரிதாக வளைத்துக் காட்டினான்: சினை பிடித்த பெண். கையைப் பிசைந்து சேற்றைக் காட்டினான். கத்தாளை சேற்று மீன். வாயைக் கீழ்ப்பக்கமாக வைத்துக்கொண்டு கடலடிச் சேற்றைத் துழாவி இறாலும் புழுவும் தின்று பிழைக்கிறது. ஆற்றுத் தண்ணீர் கலந்த அந்தக் கலங்கலில் கண் இருந்து என்ன பயன்? தன் மூக்குக்கு முன்னால் நிற்கிற பெண்கூட ஆணுக்குத் தெரியாது. அதனால் கூப்பிடுகிறது. அதன் வயிற்றுக்குள் காற்றடைத்த பை ஒன்று உண்டு. பையின் இரண்டு பக்கமும் சதை. அந்தச் சதையைத் துடிக்க வைத்தால் பை முழங்கும். நமக்கு உறுமி செய்ய மரம் வேண்டும், ஆட்டுத்தோல் வேண்டும். முழ நீளம்கூட இல்லாத அந்த மீன் உறுமியோடே பிறந்திருக்கிறது. என்ன படைப்புய்யா!

சாலே சிக்கெடுத்து இறக்கியிருந்த வலையை இழுத்தார்கள். வெள்ளிச் செதிலும் மஞ்சள் வயிறுமாகக் கத்தாளைகள் வந்து விழுந்தன. அய்யாவு ஒன்றைக் கையில் எடுத்தான். உள்ளங்கைக்குள் அது அதிர்ந்தது. இத்தனை நாளாகத் துள்ளல் என்று நினைத்துக் கூடையில் போட்ட அதிர்வு அதுதான். தாடையோடு வைத்துக்கொண்டான். கொர்ர்ர் என்றது. பயந்துபோய்க் கடலிலேயே விட்டுவிட்டான். சாலே தலையில் அடித்துக்கொண்டான்.

அப்போதுதான் அய்யாவுக்கு அந்த நினைப்பு வந்தது. ஆண் கூப்பிடுகிறது, சரி. பெண்ணுக்குக் கேட்க வேண்டாமா? இன்னொரு மீனை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். கண் இருக்கிறது, வாய் இருக்கிறது, செவுள் இருக்கிறது. காதைக் காணோம். ஒரு ஓட்டைகூட இல்லை.

"காது எங்கடா?" என்று தன் காதை இழுத்துக் காட்டிக் கேட்டான்.

சாலே கத்தியை எடுத்து மீனின் தலையைப் பிளந்தான். மண்டைக்குள்ளிருந்து இரண்டு வெள்ளைக் கல்லை நோண்டி எடுத்து அய்யாவின் உள்ளங்கையில் வைத்தான். தலைக்கு ஒரு ஜோடி, எல்லா மீனுக்கும். உள்ளே இதுதான் இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்று தோளைக் குலுக்கினான்.

அய்யாவு அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்லால் காது போனவன் அவன். இந்த ஜீவனுக்கோ மண்டைக்குள் கல்லை வைத்துக் கேள் என்று விட்டிருக்கிறான் ஆண்டவன். ஓட்டையும் இல்லை, பறையும் இல்லை. தண்ணீரின் அதிர்வு தலையில் மோதுகிறது, எலும்பு அதிர்கிறது, கல் அசைகிறது, மீனுக்குக் கேட்கிறது. தலையே காது! அப்படியென்றால் துடுப்பைக் கடித்தபோது தனக்குக் கேட்டதே, அது எந்த வழியாக வந்தது? பல் வழியாக. பல் எங்கே முளைத்தது? தலையில்தானே!

கரை ஏறினதும் தன் பங்கு மீனைக்கூடக் கேட்காமல் ஓடினான். சாலே பின்னாலேயே வந்து ஈர்க்கில் கோத்த மீன் கொத்தைக் கையில் திணிக்க வேண்டியிருந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே, கல்லும் வேரும் தடுக்க, மூச்சு வாங்க ஓடினான். ஓடுகிற ஓட்டத்தில் ஒரு பயமும் கூடவே ஓடி வந்தது. மீனுக்குக் கேட்கலாம், கட்டைக்குக் கேட்கலாம். குழந்தை குரலுக்கு அது நடக்காவிட்டால்? ஆசை காட்டி மோசம் செய்துவிட்டால்? அதற்கப்புறம் இந்த உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்தான்.

லயத்தில் விளக்கு வைத்திருந்தார்கள். தனம் படியில் உட்கார்ந்து ரப்பர் விதைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். வாய் ஓயவில்லை. அப்பாவைக் கண்டதும் வழக்கம்போல் மூடிக்கொண்டாள். மீன் கொத்தைப் பார்த்து, எனக்கா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டாள்.

அய்யாவு மீனைக் கீழே போட்டான். மண்டியிட்டு, மகளின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, தன் நெற்றியை அவள் நெற்றியோடு ஒட்டி வைத்தான்.

"பேசு கண்ணு. எதாச்சும் பேசு."

தனம் பேசவில்லை. இவ்வளவு கிட்டத்தில் அப்பாவின் கண்ணைப் பார்த்து விழித்தாள். கையைத் தூக்கிச் சைகை காட்டப் பார்த்தாள்.

"கையி வேணாம்டா. வாயால பேசு. அப்பாகிட்ட பேசு."

அப்பாவிடம் பேசுவதா? அது எப்படி? அவள் உதடு பிதுங்கியது. உள்ளேயிருந்து வெள்ளையம்மா வந்தாள். கள்ளுக்கடைக்குப் போய்விட்டு வந்திருக்கிறான் என்று நினைத்துக் குழந்தையைப் பிடித்து இழுத்தாள். அய்யாவு விடவில்லை. கெஞ்சினான். கையருகில் வந்தது இப்படியா போக வேண்டும்? என்ன செய்வதென்று தெரியாமல், நெற்றியை எடுக்காமல், அந்த மீனைப் போலவே அடித்தொண்டையில் உறுமினான்.

"டுர்ர்ர்... டும்."

குழந்தையின் கண் அகல விரிந்தது. சத்தம் அவள் மண்டைக்குள்ளேயே போய் அதிர்ந்திருக்கிறது. இன்னொரு தடவை உறுமினான். தனம் கெக்கலி கொட்டிச் சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு அவனுக்குக் கேட்டது!

கேட்டது என்றால் எப்படிச் சொல்ல? வெளியிலிருந்து வரவில்லை. அவன் தலைக்குள்ளேயே யாரோ சின்னச் சலங்கையைக் குலுக்கிவிட்டதுபோல் வந்தது. அவன் அசையவில்லை, அசைந்தால் போய்விடும் என்று மூச்சுக்கூட விடவில்லை.

"அப்பா" என்றாள் தனம், சும்மா, சொல்லிப் பார்க்கிற மாதிரி.

"என்னம்மா?" என்றான் அய்யாவு.

அவள் திடுக்கிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி நின்று உதட்டை அசைத்தாள். அவனுக்குக் கேட்கவில்லை, பேசாமல் இருந்தான். யோசித்தாள். கிட்டே வந்து, ஆட்டுக்குட்டி முட்டுகிற மாதிரி டங்கென்று நெற்றியை மோதினாள்.

"அப்பா!"

"என்னம்மா!"

பிறகு அந்தப் பெண்ணை யார் பிடிப்பது? அப்பா, என்னம்மா, அப்பா, என்னம்மா. மூன்று வருஷத்துக் கூப்பாட்டையும் அங்கேயே கூப்பிட்டுத் தீர்த்தாள். கோழி முட்டை போட்டதைச் சொன்னாள். விதைக்குட்டிகள் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்ததைச் சொன்னாள். அவள் குரல் கொஞ்சம் கரகரப்பு. வெள்ளையம்மாவின் தாயார் குரல் அப்படித்தான் இருக்கும் என்று அவனுக்கு நினைவு வந்தது. இதை ஒருத்தரும் அவனுக்குச் சொல்லவில்லை. சைகையில் எப்படிச் சொல்ல முடியும்?

வெள்ளையம்மா வாசற்படியில் உறைந்துபோய் நின்றாள். தனம் ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா வா! இங்க வெச்சுப் பேசு. அப்பாக்குக் கேக்குது!"

வெள்ளையம்மா அக்கம்பக்கம் பார்த்தாள். கோயிலுக்குப் போனது போக லயத்துச் சனம் பாதி வாசலில் நிற்கிறது. நட்டநடு வாசலில் புருஷன் நெற்றியில் நெற்றி வைப்பதா? வெட்கம் பிடுங்கித் தின்றது. குழந்தை விடவில்லை. உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பைத் தலையோடு இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடி, நெற்றியை அவன் நெற்றியில் வைத்தாள்.

மூன்று வருஷமாகத் தனியாக அழுதவள், தனியாகப் பிள்ளை பெற்றவள், ஊர்ப் பேச்சையெல்லாம் தான் ஒருத்தியே கேட்டு விழுங்கினவள். அவளிடம் சொல்வதற்கா ஒன்றும் இல்லை? எல்லாம் ஒரே நேரத்தில் முந்திக்கொண்டு வந்தது. அய்யாவு காத்திருந்தான்.

"ஒரே கவுச்சி அடிக்குது உங்க மேல" என்றாள் வெள்ளையம்மா. "போயி குளிங்க."

அய்யாவு அவள் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டான், அவள் நெற்றியை எடுத்துவிடாதபடி.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றான்.